சினிமா கொட்டகையில் கற்ற அரசியல்

அரசியல் ஈடுபாடு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது வாக்குச்சாவடிதான். வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வீடு திரும்புவது. ஆனால் அந்த வரிசையில் போய் நிற்பதற்கு முன்பே சில பழக்கங்கள் ஒருவருக்குக் கைவந்திருக்க வேண்டும். ஊர்ப் பிரச்சினை தன் பிரச்சினையும்தான் என்ற எண்ணம் வேண்டும். பதவியில் இருப்பவரைக் கேள்வி கேட்கும் துணிச்சல் வேண்டும். முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கத் தெரிய வேண்டும். மாற்றுக் கருத்து சொல்பவரோடு சண்டைக்குப் போகாமல் வாதாடத் தெரிய வேண்டும். இத்தனையும் சேர்ந்ததைத்தான் அரசியல் அறிஞர்கள் ஜனநாயகக் குடிமை என்கிறார்கள்.

இவற்றை எங்கே கற்றுக்கொள்கிறோம்? பள்ளியின் குடிமையியல் பாடம் பெரும்பாலும் தேர்வோடு மறந்துபோகிறது. குடும்பம், கோயில் திருவிழா, தொழிற்சங்கம், கட்சி என்று பல இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இவை எல்லாவற்றுக்கும் இணையாக, சில காலம் இவற்றைவிடப் பெரிதாகவே, பொழுதுபோக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறது. முதலில் கூத்தும் நாடகமும், பிறகு சினிமா, அப்புறம் தொலைக்காட்சி, இப்போது கைபேசி. வெகுமக்கள் பொழுதுபோக்கு மக்களைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டும், அது வெறும் கேளிக்கைதான் என்ற சமாதானமும் நமக்குப் பழக்கமானவை. இரண்டுமே விஷயத்தின் மேற்பரப்பில் நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து.

சேலத்தை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். 1935இல் டி.ஆர். சுந்தரம் சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னையை நம்பாமல் இங்கிருந்தே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளியாயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் இங்கே உருவானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இந்த நிறுவனத்திடமிருந்துதான் வந்தது. இன்று எஞ்சி நிற்பது நுழைவாயில் வளைவு மட்டும். இதே சேலத்தில்தான் 1944 ஆகஸ்டில் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதே ஊரில் வழக்கறிஞராக இருந்து நகராட்சித் தலைவரான ராஜாஜி, பிறகு மாகாணத்தின் பிரதமரானார். சினிமாவும் அரசியலும் இங்கே பக்கத்து வீட்டுக்காரர்களாக வளர்ந்தன.

முதலில் கொட்டகையையே எடுத்துக்கொள்வோம். படம் தொடங்குவதற்கு முன்பே அங்கே ஒன்று நடந்தது. கூத்து பார்க்கும் இடத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஊர்க் கட்டுப்பாடு தீர்மானித்தது. கோயிலுக்குள் யார் எதுவரை போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. சினிமா கொட்டகையில் அதைத் தீர்மானித்தது டிக்கெட். தரையா, பெஞ்சா, நாற்காலியா என்பது கையில் இருந்த காசைப் பொறுத்தது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கம் திரையரங்குதான் என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தமிழின் முதல் பேசும் படம் வந்தது 1931இல். கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது 1947இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சிவத்தம்பி சொன்னதன் எடை தெரியும்.

அம்மாப்பேட்டை தறிக்காரரும் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரரும் ஒரே இருட்டில் உட்கார்ந்து, ஒரே இடத்தில் சிரித்து, ஒரே இடத்தில் கண் கலங்கினார்கள். முன்பின் தெரியாத ஒருவரும் நம்மைப் போலவே உணர்கிறார் என்று அறிவது ஜனநாயகத்துக்கு அடிப்படையான அனுபவம். இதை மிகைப்படுத்தவும் கூடாது. காசு புதிய ஏணி ஒன்றைக் கட்டியது. பெண்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. படம் விட்டு வெளியே வந்து தேநீர் கேட்டால் இரட்டைக் குவளை அப்படியே காத்திருந்தது. கொட்டகைக்குள் கிடைத்த சமத்துவம் மூன்று மணி நேரச் சமத்துவம்தான். ஆனால் அதை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு வெளியே நடப்பது இயற்கை விதி இல்லை என்பது தெரிந்துவிட்டது.

இனித் திரைக்கு வருவோம். 1950 ஜனவரி 26இல் இந்தியா குடியரசானது. அந்த ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட படம் 'மந்திரி குமாரி'. கதை, வசனம் எழுதியவர் அப்போது இருபதுகளில் இருந்த மு. கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. கதையின் வேர் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியில் இருக்கிறது. தன்னைக் கொல்வதற்காக மலையுச்சிக்கு அழைத்து வந்த கணவனை, கடைசியாக ஒருமுறை வலம்வந்து வணங்க அனுமதி கேட்டு, பின்னால் இருந்து தள்ளிவிடும் பெண்ணின் கதை அது.

படத்தில் அந்தக் கணவன் ராஜகுருவின் மகன். அரண்மனைச் செல்வாக்கின் நிழலில் வாழும் அவன்தான் நாட்டில் கொள்ளையும் அடிக்கிறான். இந்தக் கதையில் பகைவன் வேற்று நாட்டு மன்னன் அல்லன். சிம்மாசனத்தில் உட்காராமல், அதன் காதருகே நின்று ஓதுகிறவரும், அவர் வீட்டுப் பிள்ளை என்பதற்காகச் சட்டம் தொடத் தயங்குகிறவனும்தான் ஆபத்தானவர்கள். கடைசியில் நீதி வழங்குவது மன்னன் கையால் நடக்கவில்லை. ஏமாற்றப்பட்ட பெண்ணின் கையால் நடக்கிறது.

இதை அன்று பார்த்தவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளையர் காலத்தில் சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் வாக்குரிமை இருந்தது. 1951-52 பொதுத்தேர்தலில்தான் வயதுவந்த எல்லோரும் வாக்களித்தார்கள். 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதம்தான். செய்தித்தாள் எட்டாத, மேடைப் பேச்சு எப்போதாவது கேட்கக் கிடைத்த ஒருவர் முதல்முறையாக வாக்களிக்கப் போகிறார். அவரிடம் படம் எந்தச் சின்னத்தையும் காட்டவில்லை. அதிகாரத்தைப் பார்க்கும் ஒரு கோணத்தைக் காட்டியது. நாற்காலியில் இருப்பவர் யார் என்பதோடு, அவருக்குப் பின்னால் நிற்பவர் யார், சட்டம் யாரைத் தொடத் தயங்குகிறது என்றும் பார்க்கச் சொன்னது. பொழுதுபோக்கு அரசியலைக் கற்றுத்தருகிறது என்று சொல்லும்போது நாம் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். கொள்கைப் பிரசாரம் வெளிப்படையாகத் தெரியும், பிடிக்காதவர் ஒதுக்கிவிடலாம். பார்க்கும் கோணம் கதையோடு கலந்து உள்ளே போய்விடும்.

கருத்தைவிட நீண்டகாலம் நின்றது பேச்சு. படத்தின் வசனம் கொட்டகையோடு நின்றுவிடவில்லை. பாட்டுப் புத்தகமாகவும் கதை வசனப் புத்தகமாகவும் விற்றது. இசைத்தட்டாகக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஒலித்தது. இளைஞர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும், அடுக்கடுக்காகச் சொற்களை எப்படிக் கட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு நாவில் படிந்தது. கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர் தெருமுனைக் கூட்டத்தில் ஏறி, அரை மணி நேரம் தடங்கலின்றித் தமிழில் பேசியது அதற்கு முன்பு அபூர்வம். அரசியல் பேச ஆங்கிலமும் பட்டமும் வேண்டும் என்ற நிலையை உடைத்ததில் வசனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அடுக்குமொழியைப் பிறகு எத்தனையோ பேர் வெற்று ஆரவாரமாக்கினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் எளியவர்கள் பொதுமேடையில் பேசத் துணிந்ததை நான் சிறிய சாதனையாக நினைக்கவில்லை.

ஒரு கட்சி மட்டுமே இதைச் செய்தது என்று எண்ண வேண்டாம். விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக நடிகர் விசுவநாத தாஸ், முருகன் வேடத்தில் தேசபக்திப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். அன்றைய சேலம் மாவட்டத்தின் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 1929இல் ராஜாஜி மதுவிலக்குக்காக 'விமோசனம்' பத்திரிகையைத் தொடங்கினார். கல்கி அங்கே உடன் பணியாற்றினார். குடியின் கேட்டைப் புத்திமதியாகச் சொல்லாமல், படங்களாலும் கதைகளாலும் சொன்ன பத்திரிகை அது. 1937 அக்டோபரில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததும் சேலம் மாவட்டத்தில்தான்.

அடுத்து ரசிகர் மன்றங்கள். இவற்றைப் பற்றிப் படித்தவர்கள் பேசும்போது பாலாபிஷேகத்தைத் தாண்டிப் போவதில்லை. ஆனால் ஒரு மன்றத்தை நடத்த என்னவெல்லாம் வேண்டும்? தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதில் வரும் மனத்தாங்கலைத் தீர்க்க வேண்டும். சந்தா வசூலித்துக் கணக்கு எழுத வேண்டும். ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். சுவரொட்டிக்கு வாசகம் எழுத வேண்டும். கோடையில் நீர்மோர்ப் பந்தல், பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம், நடிகர் பிறந்தநாளில் ரத்ததானம். சேலத்தின் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவின்போது வண்டி வேடிக்கை நடத்தும் குழுக்களும் இதே வேலைகளைத்தான் செய்கின்றன. வண்டிகளை அலங்கரித்து, தெய்வ வேடமிட்டவர்களை ஏற்றி, கூட்டத்துக்கு நடுவே ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பெரிய ஒருங்கிணைப்பு தேவை.

நெதர்லாந்து ஆய்வாளர் லீஸ்பெட் வான் ஜூனன் இதைத்தான் வலியுறுத்துகிறார். ரசிகர்களும் அரசியல் தொண்டர்களும் நாம் நினைப்பதுபோல வேறு வேறு இனங்கள் அல்லர். இருவரும் உணர்ச்சியால் பிணைக்கப்படுகிறார்கள், தங்களுக்குப் பிடித்ததைப் பற்றி நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள், ஓயாமல் விவாதிக்கிறார்கள், நேரத்தையும் பணத்தையும் செலவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இதற்குக் கண்கூடான சான்று உண்டு. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். புதுக் கட்சி தொடங்கியபோது அதன் கிளைகளாகப் பெருமளவில் மாறியவை ஏற்கெனவே ஊர் ஊராக இயங்கிய மன்றங்கள்தான்.

அப்படியென்றால் புகழ் இருந்தால் வாக்கு கிடைத்துவிடுமா? கிடைக்காது. 1962இல் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன் தேனியில் வென்று சட்டமன்றம் சென்றார். 1967இல் துப்பாக்கிச் சூட்டில் காயமுற்று, கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாகச் சென்றது. அவர் பரங்கிமலையில் வென்றார். ஆனால் நடிப்பில் அவருக்குச் சற்றும் குறையாத சிவாஜி கணேசன் 1989இல் சொந்தக் கட்சியோடு திருவையாற்றில் நின்று தோற்றார். எம்.ஜி.ஆருக்குப் பின்னால் நீண்ட காலக் கட்சிப் பணியும் மன்றங்களின் வலையும் இருந்தன. ஏழைப் பங்காளனாகவே படத்துக்குப் படம் வந்து பதிந்த உருவமும் இருந்தது. சிவாஜியோ நல்லவன், கெட்டவன், கோழை, வீரன் என்று எல்லாமாகவும் வாழ்ந்து காட்டிய கலைஞர். அந்தப் பன்முகத்தன்மை கலைக்குப் பெருமை, வாக்குக்கு உதவவில்லை.

நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரை நம் வீட்டு மனிதராக நினைப்பது எப்படி நடக்கிறது? திரையில் அடிக்கடி பார்க்கும் முகத்தோடு மனம் ஒருதலையாக உறவு கொண்டாடுகிறது என்று டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956லேயே விளக்கினார்கள். நமக்கு அவரைத் தெரியும். அவருக்கு நம்மைத் தெரியாது. ஜனநாயகத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கவுன்சிலரை நாம் கேள்வி கேட்கிறோம். வீட்டு மனிதராக ஆகிவிட்டவரைக் கேள்வி கேட்கக் கூச்சம் வந்துவிடுகிறது. வேறொருவர் கேட்டால் கோபமும் வருகிறது. ரசிகருக்கும் குடிமக்களுக்கும் இடையே எனக்குத் தெரிந்த முக்கியமான வேறுபாடு இதுதான். அன்பு இருப்பதில் தவறில்லை. கணக்குக் கேட்கும் உரிமையை அந்த அன்புக்காக விட்டுக்கொடுப்பதுதான் தவறு.

மன்றங்கள் பெரும்பாலும் ஆண்களின் இடமாகவே இருந்தன. பெண்களிடம் பொழுதுபோக்கு ஆழமாகப் போனது, அது வீட்டுக்குள் வந்த பிறகுதான். தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் கேபிள் தொலைக்காட்சி கிராமங்களுக்குள் நுழைந்த காலத்தை ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் ஆகியோர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். கேபிள் வந்த பிறகு, கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று சொன்ன பெண்களின் அளவு குறைந்தது. வீட்டு முடிவுகளில் தங்களுக்கும் பங்குண்டு என்று சொன்னவர்கள் கூடினார்கள். அந்த ஆய்வின் முறையைப் பிற ஆய்வாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது. நாம் அழுமூஞ்சித் தொடர் என்று ஒதுக்கும் ஒன்றில், சம்பாதித்து, தனியாக வெளியூர் போய், எதிர்த்துப் பேசும் பெண்ணைத் தினமும் பார்ப்பவர் மனத்தில் என்ன நடக்கிறது?

இதன் மறுபக்கத்தையும் இத்தாலியில் அளந்திருக்கிறார்கள். அங்கே பின்னாளில் பிரதமரான பெர்லுஸ்கோனியின் தொலைக்காட்சி அலைவரிசைகள் தொடக்கத்தில் செய்தியே இல்லாமல் கேளிக்கையை மட்டும் ஒளிபரப்பின. அவை முதலில் எட்டிய ஊர்களில், பிற்பாடு 1994இல் அவர் கட்சி தொடங்கியபோது அதற்குக் கூடுதல் வாக்கு விழுந்தது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுவயதிலிருந்து அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் பொது விஷயங்களில் அக்கறை குறைவாக இருந்ததையும் அது பதிவு செய்தது. ஒரு வரி அரசியல்கூடப் பேசாத நிகழ்ச்சிகளுக்கும் அரசியல் விளைவு இருக்கிறது.

கைபேசிக் காலத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்தபோது, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க உட்கார்ந்தவர்களின் காதில் செய்தியும் விழுந்தது. வேண்டியதை மட்டும் பார்க்கும் வசதி வந்ததும், கேளிக்கை விரும்புகிறவர்கள் செய்தியிலிருந்து முற்றிலும் விலகிப்போகிறார்கள். அவர்கள் வாக்களிப்பதும் குறைகிறது என்று அமெரிக்க நிலையை ஆராய்ந்த மார்கஸ் பிரையர் சொன்னார். செய்தி விரும்புகிறவர்களோ நாள் முழுவதும் செய்தியிலேயே மூழ்குகிறார்கள். இரண்டு தரப்பும் சந்தித்துக்கொள்ளும் திண்ணை சுருங்குகிறது. பண்டிகை நாள் பட்டிமன்றத்தை நான் இன்றும் மதிப்பதற்கு இதுவே காரணம். தலைப்பு மாமியார்–மருமகளாகவே இருக்கட்டும். எதிரணிப் பேச்சை முழுதாகக் கேட்பது, மணியடித்ததும் உட்காருவது, தீர்ப்பு தமக்கு எதிராக வந்தாலும் கைதட்டுவது ஆகிய மூன்றையும் அது சிரிக்கச் சிரிக்கப் பழக்குகிறது.

திரை எதைக் காட்டுவதில்லை என்பதும் நம்மை உருவாக்குகிறது. நம் வணிகப் படங்களில் கவுன்சிலர் கோமாளி, காவலர் கடைசியில் வருகிறவர், நீதிமன்றம் விலை போவது. தனி ஒருவன் வந்து எல்லாவற்றையும் முடிக்கிறான். மற்றவர்கள் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். இதையே ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர், தன் தெருச் சாக்கடைக்கும் ஒரு கதாநாயகனை எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

2018இல் வந்த 'சர்கார்' படத்தில் கதாநாயகனின் வாக்கை வேறொருவர் போட்டுவிடுகிறார். கதாநாயகன் 49பி (49P) என்ற விதியைக் கையில் எடுக்கிறார். தேர்தல் நடத்தை விதிகளில் முன்பே இருந்த அந்தப் பிரிவு அதன் பிறகுதான் டீக்கடைப் பேச்சானது. இது நல்ல விஷயம். ஆனால் படம் தரும் பரபரப்பு நடைமுறையில் கிடையாது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அடையாளத்தை நிறுவினால், இயந்திரத்தில் வாக்களிக்க முடியாது. தனி வாக்குச்சீட்டு தருவார்கள். 17பி (17B) படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். சீட்டைத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. வெற்றி வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து வழக்கு நீதிமன்றம் போனால் அது பேசும். நம் உரிமை அங்கே ஓர் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. படம் அறிமுகம் செய்ததை மீதிவரை தெரிந்துகொள்வது பார்த்தவரின் வேலை.

சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு 2018இல் நிலம் அளக்க வந்தபோது பூலாவரி, குப்பனூர் பக்கத்து விவசாயிகள் செய்ததையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். கல் நட்ட வயலில் பெண்கள் அழுதது தொலைக்காட்சியில் வந்தது. வராதது ஆட்சேபணை மனு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நில எடுப்பு அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். சர்வே எண், உட்பிரிவு, கிணறு, தென்னை என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். விசாரணைக்கு அழைத்தால் போய்ச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றியது. வழக்கின் முடிவு எதுவானாலும், அந்த மனுக்களை எழுதியவர்களுக்கு எந்த வசனகர்த்தாவும் துணை நிற்கவில்லை.

சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலைக் கிராமங்களில் பாதையும் குடிநீரும் பஸ் வசதியும் பேச்சில் வராத நாள் குறைவு. அவற்றைப் பதிவேட்டில் ஏற்றும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அது கூட வேண்டும். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் அங்கே எழுந்து பேசலாம், வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் முன்மொழியலாம். பேசிய தீர்மானம் பதிவேட்டில் அதே வாசகத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.